மூன்று கால் குதிரைக்கு முதல் பத்திரிகை

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் இதுவரை ஒரே ஒரு முறைதான் குலுங்கியிருக்கிறது. நிலநடுக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரம் மேடையில் ஒரு வசனம் சொன்னார். கோபுரம் சிரித்தது, அவ்வளவுதான். மேல் நிலையில் இருந்த பொம்மைகளில் நான்கு வாயைப் பொத்திக்கொண்டன. ஐந்தாவது பொம்மைக்குக் கை உடைந்து ரொம்ப நாளாகிறது, அதனால் அது வாய்விட்டே சிரித்தது. சத்தம் கேட்டு வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லி வெள்ளிப் பல்லியைப் பார்த்து, "இன்னாவாம்?" என்று கேட்டது. வெள்ளிப் பல்லிக்குச் சிரிப்பு அடங்கி பதில் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

நாடக மன்றத்தின் வெள்ளி விழா மலருக்கு லோகேஷ் எழுதிக் கொடுத்தது இது. மன்றச் செயலாளர் ஆனந்தகுமார் சிவப்புப் பேனாவை எடுத்தார். கோபுரத்தை அடித்தார், பொம்மைகளை அடித்தார், பல்லிகளை மட்டும் பாவம் பார்த்து விட்டுவைத்தார்.

"பெரிய மனுசனைப் பத்தி எழுதச் சொன்னா கதை உட்டுக்கினு இருக்கிற? நெசமா நடந்ததை எழுதுடா."

நிஜமாக நடந்ததை எழுதுவதில்தான் லோகேஷுக்குச் சிக்கல். அதில் ஒரு குற்றம் இருக்கிறது. செய்தது அவன்.

லோகேஷுக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை கணக்கே வெட்கப்படும் என்று விட்டுவிட்டவன். சாயப்பட்டறையில் வேலை. பட்டு எந்த நிறத்தில் முங்குகிறதோ அந்த வாரம் அவன் கையும் அந்த நிறம். துக்க வீட்டுக்குப் போயிருந்த ஆனந்தகுமாரின் செல்போனில் கெட்டிமேளம் அடித்ததே, அது இவன் கைவேலைதான். ஆனந்தகுமாருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

கலியாணசுந்தரத்துக்கு ஐம்பது வயது இருக்கலாம். 'இருக்கலாம்' என்று அவரே சொல்வார். குழித்தறியில் இறங்கினால் கையும் காலும் தறிக்கு, வாய் நாடகத்துக்கு. நூலோடு நாடா ஒரு பக்கம் ஓடும், வசனம் ஒரு பக்கம் ஓடும். பிடித்த வசனத்தைப் புடவை டிசைன் போடும் கட்டத்தாளில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக எழுதுவார்.

"முப்பது கட்டத்துக்குள்ள ஜனம் சிரிக்கணும்டா. முப்பத்தொண்ணு போனா அது உபன்யாசம்."

வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்தி மூன்றாம் நாள், தெருமுனை மேடையில் அவர் நாடகம். பலது எழுதியிருக்கிறார். ஆனால் பதினோரு வருஷமாக ஜனம் விடாமல் கேட்பது ஒன்றைத்தான்: 'எந்தத் தெருப்பா நீ?' அதில் இரண்டே பேர். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர் கலியாணசுந்தரம். வீட்டுக்காரம்மா, மூன்று வருஷமாக, லோகேஷ். புடவை கட்டி, கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தால் அவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். வந்தவன் என்ன சாதி? அதை நேராகக் கேட்க அவள் மரியாதை இடம் கொடுக்காது. அதனால் பதினாறு கேள்வி கேட்பாள்.

"எந்த ஊருப்பா?"

"இதே ஊருதாம்மா."

"இதே ஊர்ல எந்தத் தெருப்பா நீ?"

"தெருவுல இருக்க முடியலன்னுதாம்மா ஊடு கேட்டு வந்துக்கிறேன்."

"ஊட்ல கவிச்சி உண்டா?"

"நீங்க கூப்ட்டா வந்து துண்ணுவோம்மா."

"அப்பாவை இன்னான்னு கூப்புடுவ?"

"தூரமா இருந்தா சத்தமா கூப்புடுவேம்மா."

"செவ்வாய் வெள்ளியெல்லாம் உண்டா?"

"காலண்டர்ல உண்டுமா."

இப்படியே போகும். கேட்கிறவளுக்கு வேர்க்கும், பதில் சொல்கிறவருக்கு வேர்க்காது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்கள்தான் அதிகம் சிரிப்பார்கள். போன வாரம் அதே கேள்விகளைக் கேட்டு ஒருத்தனைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தவர்களும் அதில் இருப்பார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

பதினாறாவது கேள்விதான் உச்சம். "குலதெய்வம் எது?"

அதற்குப் பதில் கட்டத்தாளில் இருக்காது. அந்த இடத்தில் கட்டங்கள் காலியாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு பதில், மேடையில் நின்று அவர் சொல்லும்போதுதான் லோகேஷுக்கே தெரியும். ஒரு வருஷம், "சிக்னல் முனீஸ்வரன்மா. செவப்பு ஆனா ஊரே நின்னு கும்புடும்." இன்னொரு வருஷம், "ஓ.டி.பி. அம்மன்மா. ஆறு எழுத்து சொன்னாத்தான் கதவு தொறப்பா." கொரோனாவில் மேடை இல்லாதபோது தெரு வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார்: "எங்க சாமி ஆறடி தள்ளித்தாம்மா நிக்கும்." அந்தப் பதிலுக்காகவே சென்னையில் வேலைக்குப் போன பிள்ளைகள் லீவு போட்டு வருவார்கள்.

கடைசியில் வீட்டுக்காரம்மா தோற்றுப்போய்ச் சாவியை நீட்டுவாள். அவர் வாங்க மாட்டார். "வேணாம்மா. கூரை ஒழுகுற ஊட்ல இருந்துக்கிறேன். கேள்வி ஒழுகுற ஊட்ல இருக்க முடியாது." கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். திரை.

ஒத்திகையில் லோகேஷோடு அவருக்கு ஒரே தகராறுதான். 'இடது பக்கமாக நுழை' என்று எழுதியிருந்தால் இவன் வலது பக்கமாக நுழைவான். கீழே உட்கார்ந்து பார்க்கிறவனின் இடதுதான் இவன் மண்டைக்கு இடது. மூன்று வருஷமும் முதல் நாள் ஒத்திகையில் தலையில் ஒரு தட்டு வாங்குவான்.

"மேடையில நிக்கிறவனுக்கு எடதுடா. எதிர்ல இருந்து பாக்கிறவனுக்கு இல்ல. எத்தினி தபா சொல்றது?"

"மாத்தி எழுதிடுங்க மாமா. நான் மாற மாட்டேன்."

இந்த வருஷம் வைகாசியில் அவர் மகள் காவேரிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை சந்தோஷ்குமார், கார் கம்பெனியில் வேலை. பையனின் அம்மா மஹாலட்சுமி, பத்திரிகை அச்சாகி வந்ததைப் பார்க்க வந்திருந்தார். சாயம் போட்ட பட்டுக் கட்டைக் கொடுக்க வந்த லோகேஷ் கதவோரம் நின்றிருந்தான். அந்த வாரம் அவன் கை அரக்கு நிறம்.

"மொதல் பத்திரிகை எந்தக் கோயில்ல வெக்கிறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். "நாங்க எங்க குலசாமிக்கு வெச்சிட்டோம். நீங்களும் வெச்சிட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சிடலாம்."

குலதெய்வத்தின் காலடியில் முதல் பத்திரிகையை வைக்காமல் மனிதருக்கு ஒரு பத்திரிகைகூடப் போகாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கலியாணசுந்தரத்தின் மனைவி கமலாட்சி முந்திக்கொண்டார். "எங்க அம்மா ஊட்டு சாமி திருப்புட்குழியாண்ட இருக்குதுங்க..."

"அது உங்க பொறந்த ஊட்டு சாமியாச்சேமா. பொண்ணு இவுரு வழிதானே?" அந்த அம்மா கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். குதர்க்கமாக ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்க குலதெய்வம் எதுங்க?"

லோகேஷுக்குப் பழக்கத்தில் சிரிப்பு வந்தது. அவன் வசனம் அது. பதிலுக்காக மேடையில் நிற்பது போலவே நின்றான். கலியாணசுந்தரம் சொம்பில் இருந்த தண்ணீரை எடுத்து முழுசாகக் குடித்தார். இவ்வளவு தண்ணீர் ஒருவர் ஒரே மூச்சில் குடித்து லோகேஷ் பார்த்ததில்லை.

"ஆத்துக்கு அந்தாண்ட இருக்குதுங்க," என்றார் கமலாட்சி. "இந்த மாசம் முடியறதுக்குள்ள வெச்சிடறோம்."

அவர்கள் போனதும் காவேரி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். "வுடு நைனா. நம்ம தெருப் புள்ளையாருக்கு வெச்சிட்டு அதான் எங்க சாமின்னு சொல்லிடலாம்."

"புள்ளையாரு எல்லாருக்கும் சாமிமா. நம்மளுதுன்னு எப்படிச் சொல்றது?"

அன்று சாயங்காலம் தறிக் குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு லோகேஷிடம் சொன்னார். சொல்ல வேண்டும் என்று இல்லை. பட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் அவன் அங்கேயே நின்றான், அதனால் சொன்னார்.

புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்த்து நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு அந்தக் காலத்தில் சின்னக் கையாகத் தேடுவார்கள். ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும்போது கலியாணசுந்தரம் அப்படி ஆற்றைத் தாண்டி வந்து சேர்ந்த கை. பெயர் கேட்டதற்கு 'கலியன்' என்றிருக்கிறார். தறிக்காரர் ராஜகோபாலுக்குப் பிள்ளை இல்லை. அவர்தான் பெயரை நீட்டி, பள்ளிக்கூடத்திலும் போட்டு, தன் உறவிலேயே கமலாட்சியைக் கட்டிவைத்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் கலியாணசுந்தரம் இந்தத் தெருக்காரர் ஆகிவிட்டார். தெரிந்த கிழவர்கள் செத்துப்போனார்கள், தெரியாதவர்கள் கேட்கவில்லை.

"கூட்டிக்கினு வந்தவரு யாரு மாமா?"

"அப்பனா, மாமனா, தெரியல. மணல்ல நடந்தது தெரியும், காலு சுட்டுது. கரை ஏறினதும் ஒரு மண்ணு குதிரை. என்னை அது பக்கத்துல நிக்க வெச்சிட்டு அவரு தண்ணி குடிக்கப் போனாரு. குதிரைக்கு முன்னாடி எடது காலு இல்ல. ஒடைஞ்ச எடத்துல கையை உட்டேன். வெளிய அப்படி வெயிலு, உள்ள ஜில்லுனு இருந்துச்சி." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அந்தக் குதிரை மூஞ்சி ஞாபகம் இருக்குதுடா. அவரு மூஞ்சி இல்ல."

லோகேஷ் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ராஜகோபால் தாத்தா சாமியையே சொல்லிடலாமே மாமா?"

அதற்கும் பதில் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் ராஜகோபால் இறந்தபோது, கொள்ளி வைக்கக் கலியாணசுந்தரம் தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடு நின்றார். ராஜகோபாலின் அண்ணன் மகன் வந்தார். கோபமாகக்கூட இல்லை, "நீ தள்ளி நில்லுப்பா, பங்காளிங்க வந்துட்டோம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். தள்ளி நின்றார். குலதெய்வக் கோயிலுக்கு வரி கட்டும் தலைக்கட்டுப் பட்டியலில் ராஜகோபால் பெயருக்குக் கீழே யாருடைய பெயரும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் ஒரு கட்டத்தாளை எடுத்து, 'எந்த ஊருப்பா?' என்று முதல் வரியை எழுதினார்.

மூன்று வருஷமாக மேடையில் அந்தக் கேள்விகளைக் கேட்டுக் கைதட்டு வாங்கியவன் லோகேஷ். அந்த ஈர வேட்டியைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து தேடல். கலியாணசுந்தரத்தின் பழைய மொபெட்டை லோகேஷ் ஓட்டுவான், அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். ஓரிக்கை வழியாகப் போய்ப் பாலாற்றைக் கடந்து, ஏரிக்கரை, வயல்வெளி, கருவேலங்காடு என்று எங்கே மண் குதிரை நின்றாலும் வண்டியை நிறுத்துவான். மூன்று வாரத்தில் பதினான்கு கோயில். பாதி இடத்தில் மண் குதிரை போய் சிமெண்ட் குதிரை வந்திருந்தது, உபயம் எழுதி, பெயிண்ட் அடித்து. ஒரு குதிரைக்குக் கூலிங்கிளாஸ்கூட வரைந்திருந்தார்கள். இருந்த மண் குதிரைகள் சில தலை இல்லாமல், சில வெறும் குளம்பாக. நாற்பத்தைந்து மழைக்காலம் எந்தக் குதிரை நிற்கும் என்று லோகேஷ் நினைத்துக்கொள்வான். வாயைத் திறந்து சொல்ல மாட்டான்.

கடைசியாகப் போன கிராமத்தில், வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாணிக்கவேல் என்று பெயர் சொன்னார். விவசாயி.

"எந்த ஊருப்பா?"

"காஞ்சிபுரங்க."

"காஞ்சிபுரத்துல எந்தத் தெரு?"

லோகேஷ் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். நாடகத்தின் வரிசை அப்படியே வந்துகொண்டிருந்தது. இங்கே யாரைத் தெரியும், யார் வீட்டுக்கு வந்தீர்கள், எந்த வகையில் சொந்தம். கலியாணசுந்தரம் ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னார், ஒன்றும் உதவவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு இருந்த பொறுமை பெரியவருக்கு இல்லை. ஏழாவது கேள்வியிலேயே உடைத்துவிட்டார்.

"சுத்தி வளைப்பானேன். நீங்க இன்னா ஆளுங்க?"

"அதைக் கேக்கத்தாங்க வந்துக்கிறேன்," என்றார் கலியாணசுந்தரம். "நாப்பத்தஞ்சி வருசத்துக்கு முன்னாடி இந்த ஊர்லேர்ந்து புள்ளைய பட்டுத் தறிக்கு உட்டவங்க யாருனா இருக்காங்களா? கலியன்னு பேரு. அஞ்சாறு வயசு."

பெரியவர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அந்தப் பஞ்சத்துல எல்லாருந்தாம்பா உட்டாங்க. எந்த ஊட்டைன்னு சொல்றது? கலியன்னு எங்க அண்ணன் புள்ளையும் ஒருத்தன் போனான். அவன் அம்மைல செத்துட்டான்னு சேதி வந்துச்சி."

மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வழியில் லோகேஷ் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான், ஆள் விழுந்துவிட்டாரோ என்று. ஆள் இருந்தார். மடியில் மஞ்சள் தடவிய பத்திரிகை இருந்த பையைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார். மாசம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி.

"காவேரி சொன்னாப்புல புள்ளையாருக்கே வெச்சிடலாம்டா," என்றார் வீட்டு வாசலில் இறங்கும்போது. "அந்த அம்மா கேட்டா... கேட்டா எதுனா சிரிக்கிறாப்புல சொல்லிடறேன்."

அந்த 'சிரிக்கிறாப்புல'தான் லோகேஷைக் கெடுத்தது.

இரண்டு நாள் கழித்து, வயிற்று வலி என்று பட்டறையில் சொல்லிவிட்டுத் தனியாக ஆற்றைக் கடந்தான். தைலமரத் தோப்புக்குப் பின்னால், ஏரிக்கரையில் ஒரு முனீஸ்வரன் கோயில் இருப்பதை அவன் வண்டியில் வரும்போதே பார்த்திருந்தான். நான்கு காலோடு குதிரை நிற்கிறது என்று அன்று அங்கே மட்டும் நிறுத்தவில்லை. உச்சி வெயில். ஆடு மேய்க்கிறவர்கள்கூட நிழலுக்குப் போய்விட்ட நேரம். ஐந்து மண் குதிரைகள். அதில் ஆகப் பழசு, நிறமெல்லாம் போய், வயிற்றுக்கு அடியில் முட்டுத்தூணோடு தனியாக நின்றது.

"மன்னிச்சுக்க முனீஸ்வரா," என்றான். "உனக்கு அஞ்சி குதிரை இருக்குது. அந்தாளுக்கு ஒண்ணுகூட இல்ல."

எதிரே நின்று, எந்தக் கால் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, கருங்கல்லால் அடித்தான். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது அடியில் பானை உடைகிற சத்தத்தோடு கால் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு அரணை ஓடிற்று. உடைந்த இடம் செக்கச்செவேல் என்று புதுசாக இருந்தது. ஏரிச் சேற்றை எடுத்துப் பூசினான், அது வெயிலில் காய்ந்து உதிர்ந்தது, மறுபடி பூசினான். விழுந்த காலை ஏரியில் எறிந்தான். அவன் செய்த குறும்புகளில் சிரிக்காமல் செய்தது இது ஒன்றுதான்.

"மாமா, பட்டறைக்கு வர்ற ஒருத்தன் சொன்னான். ஆத்துக்கு அந்தாண்ட மூணு கால் குதிரை ஒண்ணு இருக்குதாம்."

கலியாணசுந்தரம் நெய்வதை நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கைகாலைக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை கமலாட்சி, காவேரி, கலியாணசுந்தரம் மூவரும் ஆட்டோவில் வந்தார்கள். லோகேஷ் மொபெட்டில். கோயிலுக்கு விளக்கு வைக்கும் பெரியநாயகி அம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். குதிரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அய்ய, இந்தக் காலு எப்பப் போச்சி? போன அமாவாசைக்குக்கூட..."

லோகேஷ் காவேரிக்குப் பின்னால் நகர்ந்து நின்றான்.

"எனக்குத் தெரிஞ்சி நாப்பத்தஞ்சி வருசமா இல்லமா," என்றார் கலியாணசுந்தரம்.

பெரியநாயகி அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விளக்குப் பக்கம் போய்விட்டார்.

கலியாணசுந்தரம் குதிரையைச் சுற்றி வந்தார். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றார், இந்தப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றார். குனிந்து, உடைந்த இடத்துக்குள் கையை விட்டார். விட்டபடியே இருந்தார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ரத்தம், துண்டால் துடைத்துக்கொண்டார். முனீஸ்வரன் காலடியில் வெற்றிலை, பழம், அதன் மேல் பத்திரிகை. 'குலதெய்வம் துணை' என்று மட்டும் அச்சடித்து, பெயருக்கு இடம் விட்டிருந்தது. மண்ணில் நெற்றி படக் கும்பிட்டு எழுந்தார்.

"நைனா," என்றாள் காவேரி. "இதானா?"

"இதாம்மா."

கமலாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். லோகேஷ் மொபெட்டின் கண்ணாடியைத் துடைக்கப் போனான். அந்த மொபெட்டுக்குக் கண்ணாடி கிடையாது.

கல்யாணம் ஆனியில் நன்றாகவே நடந்தது. மஹாலட்சுமி அம்மா, "எந்த சாமிங்க?" என்று கேட்டபோது கமலாட்சி "முனீஸ்வரன்" என்று நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். லோகேஷ் நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், முடியவில்லை. அதற்குப் பிறகும் சரியாகவில்லை. தறி நிற்கும் அமாவாசை தவறாமல் கலியாணசுந்தரம் எண்ணெய் வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து போவார். பேச்சு குறைந்துவிட்டது. கட்டத்தாள்கள் காலியாகக் கிடந்தன. பொய்க் குதிரைக்கு ஒரு மனிதர் எண்ணெய் கொண்டுபோவதைப் பார்த்தபடி லோகேஷ் இரண்டு முறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். இரண்டு முறையும், "சாப்ட்டீங்களா மாமா?" என்று முடித்தான்.

ஆவணி வந்தது. சதுர்த்தி மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரம் மேடை ஏறினார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளை, காவேரி, மஹாலட்சுமி அம்மா. லோகேஷ் ஒரு முடிவோடு வந்திருந்தான். பதினாறாவது கேள்வியை விழுங்கிவிடுவது. அந்த அம்மாவின் முன்னால் இவரை அதைக் கேட்க அவனால் ஆகாது. சிரிப்பில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதினைந்து கேள்வி முடிந்தது. லோகேஷ் சாவியை இடுப்பிலிருந்து உருவி நீட்டினான். "உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுப்பா. இந்தா."

கலியாணசுந்தரம் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னாமா, ஒண்ணை முழுங்கிட்டியே? பதினஞ்சோட நிறுத்தினா ஊடு தங்காதுமா. கேளு."

ஜனம் விசில் அடித்தது. "கேளும்மா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

லோகேஷ் கேட்டான். குரல் பெண் குரலாக வரவில்லை, அவன் குரலாகவே வந்தது. "குலதெய்வம் எது?"

கலியாணசுந்தரம் ஜனத்தைப் பார்த்தார். சிரிப்பதற்குத் தயாராக இருந்த வாய்களெல்லாம் அப்படியே நின்றன.

"மூணு கால் குதிரை நிக்கிற முனீஸ்வரன்மா."

சிரிக்கலாமா என்று ஜனத்துக்குத் தெரியவில்லை. லோகேஷ் வசனத்தில் இல்லாததைக் கேட்டான். "நாலாவது காலு?"

"எனக்குன்னு ஒருத்தன் எடுத்துட்டாம்மா."

அதற்குத்தான் சிரித்தார்கள். மஹாலட்சுமி அம்மாகூடச் சிரித்தார். என்ன புரிந்து சிரித்தார்கள் என்று லோகேஷுக்கு இன்றுவரை தெரியாது. இனிமேல், கேள்வி ஒழுகுற வீடு என்ற வசனம், கும்பிடு, திரை. ஆனந்தகுமார் திரைக் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

கலியாணசுந்தரம் கையை நீட்டினார். "சாவியைக் குடுமா. இருந்துக்கிறேன்."

பதினோரு வருஷத்தில் அவர் சாவியை வாங்கியதில்லை. லோகேஷ் கொடுத்தான். வாங்கிய உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. கைதட்டு நிற்கவில்லை. வீட்டுக்காரம்மாவின் பவுடர் கன்னத்தில் கோடு கோடாக இறங்குவதை நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. திரை பாதி இறங்கும்போது கலியாணசுந்தரம் அவன் காதுப் பக்கம் குனிந்தார்.

"முனிக்குப் புதுக் குதிரை சொல்லிருக்கேன். வர்ற அமாவாசைக்குத் தயாராயிடும். நீதான் தூக்கிக்கினு வரணும்."

"நான் எதுக்கு மாமா?"

"நான் சொன்னது குதிரைக்கு எடதுடா," என்றார். "எதிர்ல இருந்து பாக்கிறவனுக்கு எடது இல்ல."